முதல் பேர் அம்மா, கடைசிப் பேர் அப்பா

எங்களுடைய மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியது என் மனைவி. நெல்லியடிச் சந்தைக்குப் பின்பக்கம் கணினி வைத்திருந்த ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வைத்துத் தொடங்கினாள். எங்கள் ஒரே மகன் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே முகாமில் அடைபட்டிருந்த காலம் அது. முகாமில் தொலைபேசிக்கு வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்து பேசத் தொடங்கினால் தாயும் மகனும் அழுதே நேரத்தை முடித்துவிடுவார்கள். கணினி பார்க்கக் கொஞ்சம் தாராளமாக விடுகிறார்கள் என்று அவன் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

கடையில் இருந்த பெண்பிள்ளை விறுவிறு என்று ஏதோ தட்டிவிட்டு, "அன்ரி, உங்கடை ஈமெயில் போய்ச் சேரேக்கை அங்கை ஒரு பேர் தெரியும். என்ன பேர் போட?" என்று கேட்டாள்.

"அம்மா அப்பா எண்டு போடுங்கோ பிள்ளை."

"அப்பிடிப் போடேலாது அன்ரி. முதல் பேர், கடைசிப் பேர் எண்டு ரெண்டு கேக்குது."

"அப்ப முதல் பேர் அம்மா. கடைசிப் பேர் அப்பா."

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே அப்படியே அடித்தாள். கணினியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

என் மனைவி சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். அரிசிக்கும் சீனிக்கும் வருகிற சனங்களின் வாயிலிருந்து ஊர்ப் புதினம் முழுவதும் அவளுக்கு வந்துவிடும். நான் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். வாழ்நாள் முழுவதும் நான் எழுதிய கடிதங்களில் யாரும் யாரையும் சுகம் விசாரித்ததில்லை. ஆகவே மகனுக்கு எழுதும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முதலில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். மகன் முகாமிலிருந்து வெளியே வந்து உழைத்து, மடிக்கணினி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காசு அனுப்பிய பிறகு, வீட்டிலேயே இருந்து தமிழில் அடிக்கப் பழகினாள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

முகாமிலிருந்து விட்டதோடு அவன் கையில் தொலைபேசி வந்தது. முகம் பார்த்துப் பேசலாம் என்றானது. அதற்குப் பிறகும் அவள் எழுதுவதை விடவில்லை. "போனிலை கதைக்கிறது காத்தோடை போயிடும். எழுதினால் அவன் திருப்பித் திருப்பி வாசிப்பான்" என்பாள். மறி ஆடு குட்டி போட்டது, எங்கள் வேதக் கோவில் பாட்டுக் குழுவில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நீர்வேலியிலிருந்து கப்பல் வாழைப்பழம் கொண்டுவருகிறவர் ஏன் இப்போது வருவதில்லை, எல்லாம் எழுதுவாள். முடிவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஏதும் சொல்லப் போறியளோ?" என்று கேட்பாள். "சுகமெண்டு போடன்" என்பேன். "அப்பாவும் சுகம்" என்று ஒரு வரி போட்டு அனுப்பிவிடுவாள். இத்தனை ஆண்டுகளாக மகனுக்கு நான் எழுதியது அந்த ஒரு வரிதான்.

மகனுக்கு அங்கே கிடைத்திருந்தது இடைக்கால விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் மட்டும் திரும்பி உள்ளே வர முடியாது. இங்கே வருவதும் அவனுக்கு நல்லதில்லை. விசாரணை என்று வீட்டு வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அவனைப் படகேற்றினோம். அகதி விண்ணப்பம் மறுக்கப்படும், மேன்முறையீடு செய்வான், மறுபடி காத்திருப்பான். வீடுகளின் தரைக்கு ரைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போனபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அந்த நரையை நாங்கள் தொலைபேசித் திரையில்தான் பார்த்தோம்.

போன வருடம் என் மனைவிக்குக் குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதே அது ஈரலுக்கும் போய்விட்டது. மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள்.

"அவனாலை வரவும் ஏலாது. வராமல் இருக்கவும் ஏலாது. ஏன் அவனைப் போட்டு அந்தரப்படுத்துவான்?"

படுக்கையில் இருந்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வயிற்றில் சின்னக் கோளாறு, மருந்து எடுக்கிறேன், சாப்பாடு இறங்குகிறது என்று சொன்னாள். சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தவன் நான். கன்னம் ஒட்டிப்போன பிறகு, முகத்தைக் காட்டினால் தெரிந்துவிடும் என்ற நிலை வந்தபோதுதான் அவனுக்கு உண்மையைச் சொன்னோம். அவன் திரையில் தாயைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் எல்லாத்தையும் விட்டிட்டு வாறன்" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள். குரல் போய்விட்டிருந்தது.

அவள் போய்விட்டாள். பெட்டியை முன் விறாந்தையில் வைத்திருந்தோம். இப்போது எங்கள் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அதனால் செத்த வீட்டுக்குப் பந்தல்காரரோடு வீடியோக்காரரும் வந்துவிடுகிறார். அவர் கமராவை மூன்றுகால் தாங்கியில் பூட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, நேரடியாப் பாக்கிற லிங்கை உங்கடை ஈமெயிலுக்குப் போட்டிருக்கிறன். மகனுக்கு அனுப்பிவிடுங்கோ."

அவளுடைய கால்மாட்டில் நின்றபடி தொலைபேசியில் அதை எடுத்து மகனுக்கு அனுப்பினேன். விடயம் என்ற இடத்தில் 'அம்மாவின் இறுதி ஆராதனை' என்று எழுதினேன். அவன் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். சேமக்காலையில் மண் போட்டு முடித்துத் திரும்புகிறபோது, "எல்லாம் பாத்தனான் அப்பா" என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சனம் கலைந்து போனது. வீட்டில் நான் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வழமையாக அவள் எழுதும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அவனுக்கு ஒன்றும் வராமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். 'நான் சுகமாக இருக்கிறேன். மின்சாரப் பட்டியல் கட்டியாயிற்று. கிணற்று மோட்டர் திருத்தக் கொடுத்திருக்கிறது. உன் சுகத்தை அறியத் தரவும்.' வாசித்துப் பார்த்தால் கச்சேரிக் கடிதம் போலத்தான் இருந்தது. ஆனாலும் அனுப்பினேன். அடுத்த ஞாயிறும் அனுப்பினேன். அவனிடமிருந்து 'ஓம் அப்பா' என்று பதில் வரும்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். அவன் தொலைபேசி எடுத்தான். சாப்பாடு, மழை எல்லாம் பேசி முடிந்த பிறகும் வைக்காமல் இருந்தான்.

"அப்பா, ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு தம்பி." நாங்கள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்த ஈமெயில்லை தெரியிற பேரை ஒருக்கா மாத்த ஏலுமோ?"

"எந்தப் பேரை?"

"அம்மா அப்பா எண்டு வாறதை."

"அம்மாவை எடுக்கச் சொல்லுறியோ?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அப்பிடி இல்லை அப்பா."

"பின்னை எப்பிடி? அவ செத்து ஒரு மாசம். அதுக்குள்ளை உனக்கு அவவின்ரை பேர் கண்ணுக்குள்ளை குத்துதோ?"

அவனுக்குப் பின்னால் எங்கேயோ கல் வெட்டும் மிஷின் சத்தம் கேட்டது. வேலையிடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறான்.

"அப்பா, வேலை செய்யேக்கை போன் அடிக்கும். கையெல்லாம் சீமெந்து. பொக்கற்றாலை இழுத்துப் பாத்தால் முதல்லை அம்மா எண்டுதான் தெரியுது. அந்த நேரம் எனக்கு எல்லாம் மறந்துபோகுது. அம்மா எழுதியிருக்கிறா எண்டு சந்தோசமா இருக்கு. பேந்துதான் ஞாபகம் வருது. ஒவ்வொரு கிழமையும் எனக்கு அம்மா புதுசாச் சாகிறா அப்பா."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"அண்டைக்கு அந்த வீடியோ லிங்கும் அப்பிடித்தான் வந்தது. அம்மாவின்ரை செத்த வீட்டுக்கு அம்மாவே என்னைக் கூப்பிட்ட மாதிரி" என்றான்.

அவளுடைய கால்மாட்டில் நின்று அதை அனுப்பியபோது இப்படி ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று எனக்கு எதுதான் தோன்றியது? "மாத்துறன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியில் நெடுநேரம் தேடினேன். அதில் வழி தெரியவில்லை. பக்கத்து வளவில் இருக்கும் மருமகள் முறையான பிள்ளை வங்கியில் வேலை செய்கிறவள். அவளிடம் கேட்டால் வந்து செய்து தருவாள். ஆனால் 'அம்மா'வை அழித்துத் தா என்று இன்னொருவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மடிக்கணினியில் நானே தேடிப் பிடித்தேன். அமைப்புகள் என்ற இடத்துக்குப் போய், கணக்குகள் என்பதைத் திறந்து, 'இவ்வாறு அஞ்சல் அனுப்பு' என்பதன் பக்கத்தில் 'தகவலைத் திருத்து' என்று இருப்பதை அமத்த வேண்டும். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. அதில் இரண்டு வட்டங்கள். மேல் வட்டத்துக்குப் பக்கத்தில் 'அம்மா அப்பா'. அதில் ஒரு புள்ளி. கீழ் வட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் இடம்.

அந்த வெறும் இடத்தில் என்ன எழுதுவது என்று நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. 'அப்பா' என்று எழுதிப் பார்த்தேன். பார்க்க ஏலவில்லை. பாதி இடிந்த வீடு போல நின்றது. அழித்துவிட்டு, கச்சேரியில் கையெழுத்து வைப்பதுபோல முதலெழுத்தோடு என் முழுப் பெயரையும் அடித்து, புள்ளியைக் கீழே இறக்கி, சேமித்தேன். 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதி மகனுக்கு அனுப்பினேன். பிறகு எழும்பிப் போய்க் குசினியில் நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. என்னத்துக்கு அங்கே போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பின்னேரம் அவன் எடுத்தான்.

"அப்பா, உங்கடை பேரையோ போட்டனீங்கள்?"

"ஓம். ஏன்?"

"என்ரை லப்ரொப்பிலை உங்கடை பேர்தான் வந்திருக்கு. ஆனால் அது இஞ்சை என்ரை பேர் எல்லோ."

அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் விளங்கியது. அங்கே போய் இறங்கியபோது குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயரைப் போட்டு எழுதிக்கொண்டார்கள். வேலையிடத்தில், வைத்தியசாலையில், வழக்கறிஞரிடத்தில் எல்லோரும் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் கணக்கும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

"நானே எனக்கு எழுதின மாதிரிக் கிடக்கு. வேறை ஒருத்தரும் எனக்கு எழுத இல்லாத மாதிரி" என்றான்.

"அப்ப என்ன போட?"

"அப்பா எண்டே போடுங்கோவன்."

மறுபடி அந்தப் பெட்டியைத் திறந்தேன். மேலே 'அம்மா அப்பா' அப்படியேதான் இருந்தது. அதை நான் அழித்திருக்கவில்லை; புள்ளியை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். கீழே என் பெயரை அழித்து 'அப்பா' என்று அடித்தேன். அவன் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தான். அனுப்பச் சொன்னான். ஒன்றும் எழுதாமல் வெறும் அஞ்சல் ஒன்று அனுப்பினேன்.

"வந்திட்டுதோ?"

என் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று காட்டியது.

"தம்பி, வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. போனிலை பழையபடி அம்மா அப்பா எண்டுதான் காட்டுது."

"நான் மாத்தினனான். ரெண்டு தரம் பாத்தனான்."

"உங்கடை பக்கம் சரி அப்பா. லப்ரொப்பிலை அப்பா எண்டுதான் வந்திருக்கு. போனிலை உங்கடை அட்றசை நான் அம்மா அப்பா எண்டு சேவ் பண்ணி வைச்சிருக்கிறன். முகாமாலை விட்டு முதல் போன் வாங்கின அண்டைக்கே சேவ் பண்ணினது. அதுதான் வருது. அதை நான்தான் மாத்தோணும்."

"அப்ப மாத்தன்."

வேலையிடத்துச் சத்தம் அன்று இல்லை. அறையில் இருக்கிறான்.

"என்னாலை ஏலாது அப்பா" என்றான். "திறந்து வைச்சிருக்கிறன். கை போகுதில்லை."

என்னிடம் மாற்றச் சொன்னவன் அவன். பெற்ற பிள்ளை கேட்டான் என்பதற்காக நான் மாற்றினேன். அவனால் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் அழத் தொடங்கினான். செத்த வீட்டன்று பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டிய அழுகை. இங்கே இருந்திருந்தால் தோளில் கை போட்டிருப்பேன். "அழாதை" என்று தொலைபேசிக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் இந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்கவும் வைத்திருப்பாள்.

அவன் அதைப் பிறகு மாற்றினானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. என் பக்கத்தில் இப்போது 'அப்பா' என்றுதான் இருக்கிறது. ஓய்வூதியம் சம்பந்தமாகப் பிரதேச செயலகத்துக்கு ஒரு விபரம் அனுப்பினேன். அங்கிருந்த பெண் உத்தியோகத்தர் தொலைபேசி எடுத்து, "ஐயா, அப்பா எண்டு ஒரு மெயில் வந்திருக்கு, அது நீங்கள்தானோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குக் கேட்டது. அவரில் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதத்தான் செய்தேன். ஆனால் எழுத என்ன இருக்கிறது? சங்கக்கடைப் பக்கம் நான் போவதில்லை. கோவிலில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன். ஆடுகளை விற்றாயிற்று. யார் யாரோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியாது. 'மழை பெய்தது. சுகம்.' என்று எழுதினேன். 'ஓம் அப்பா. இங்கே குளிர்' என்று அவன் எழுதினான். அவனையும் என்னையும் இத்தனை காலம் பேச வைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் போன பிறகு ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு ஆம்பிளைகள் மிஞ்சிவிட்டோம். சில கிழமைகள் அவன் பதில் போடவில்லை. சில கிழமைகள் நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவணி முடிவில் ஒரு நாள் காலையில் தொலைபேசி வந்தது.

"அப்பா, திருப்பியும் இல்லை எண்டிட்டாங்கள்."

"லோயர் என்ன சொல்லுறார்?"

"இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாமாம். வருசக்கணக்கு எடுக்குமாம்."

"சரி, போட்டுப் பார்."

"நீங்கள் வேறை ஒண்டும் சொல்லேல்லையே அப்பா?"

"என்னத்தைத் தம்பி சொல்ல?"

அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்தான். நான் கதிரையிலேயே இருந்தேன். இந்தப் பிள்ளையை இனி நான் நேரில் காண்பதற்கு இல்லை என்று அன்றுதான் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது. அதுவரை அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன், எனக்கும்கூட.

அடுத்த கிழமை போதகரைக் காணப் போனேன். இளம் ஆள்; எங்கள் கோவிலுக்கு வந்து அதிக காலம் இல்லை. சேமக்காலையில் என் மனைவிக்குப் பக்கத்து இடத்தை எனக்கென்று இப்போதே ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

"இப்ப என்ன அவசரம் ஐயா? நல்ல சுகமாத்தானே இருக்கிறியள்."

"பிறகு வந்து கேக்க ஆள் இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மகன் வருவார் ஐயா. ஆண்டவர் ஒரு வழி விடுவார்" என்றார். அவர் அதைச் சொல்ல வேண்டியவர்; சொன்னார். பிறகு அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு சேமக்காலைக்கு நடந்து வந்தார்.

அவளுடைய குழியின் மேல் மண் இன்னும் இறுகவில்லை. மழைக்கு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அதற்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த இடம் ஒடுக்கம். மதிலுக்கு அப்பால் நிற்கும் வேம்பின் வேர் ஒன்று உள்ளே புகுந்து மேலே தெரிந்தது. போதகர் காலால் அளந்து பார்த்தார்.

"வேரை வெட்ட வேண்டி வரும். கொஞ்சம் நெருக்கம்தான் ஐயா. அந்தப் பக்கம் நல்ல விசாலமான இடம் இருக்கு, பாப்பமோ?"

"வேண்டாம், எனக்கு இவ்வளவு காணும்" என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, யாரோ செத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். நான் அந்த மதிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெயில் ஏறியது, பஸ்ஸுக்கு நடந்தேன்.